கைராசி இல்லாத டிவிடி டிரைவ்: ஒரு நிகழ்வு ஆய்வு

கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை மாலை, பிசியோதெரபி மருத்துவர் ஒருவர் தம் மடிக்கணினியைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பகோணத்தில் உள்ள என் கடைக்கு வந்தார். 2013-ஆம் ஆண்டு வாங்கிய 15.6 அங்குல இயந்திரம். விண்டோஸ் 7-உடன் வந்து, பிறகு 10-க்கு மாறியது. டிவிடி டிரைவைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்பது புகார்.

இன்னுமா டிவிடி டிரைவ் என்று கேட்பவர்கள் ஸ்கேன் மையத்துப் பக்கம் போய் நாளாகியிருக்கும். முதுகுத்தண்டுக்கு எம்ஆர்ஐ எடுத்தால் கையில் ஒரு பெரிய பிலிம் உறையும், அதனுள் ஒரு சிடியும் கொடுத்து அனுப்புகிறார்கள். பிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். முழு வரிசையும் சிடியில்தான் இருக்கும். டைகாம் என்ற மருத்துவப் படத்தரம் 1993-இல் அந்தப் பெயரைப் பெற்றது. பட்டியல் கோப்பு, படங்கள், அவற்றைப் பார்க்க ஒரு சிறு மென்பொருள் எல்லாம் அந்த ஒரே தட்டில் அடங்கிவிடும். இந்த மருத்துவர் ஒரு நாளைக்குப் பத்து சிடியாவது போட்டு எடுக்கிறவர். அவருக்கு இந்த டிரைவ் ஸ்டெதஸ்கோப்பு மாதிரி.

வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த வழக்கின் விடை முழுவதும் அதில்தான் இருந்தது, நான்தான் கேட்கவில்லை.

"ஒரு மாதமாகவே விட்டு விட்டு வருகிறது சார். நான் சிடி போட்டால் பெரும்பாலும் வரும். எங்கள் கிளினிக்கில் ஒரு பெண் வேலை செய்கிறாள், அவள் போட்டால் வராது. நான் மறுபடி போட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். அந்தப் பெண்ணுக்குக் கைராசி இல்லை என்று கேலி செய்துகொண்டிருந்தேன். இப்போது மூன்று நாளாக எனக்கும் வரவில்லை."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, "விண்டோஸ் அப்டேட் ஏதாவது வந்ததா?" என்று கேட்டேன். வந்தது என்றார். அத்துடன் என் மனம் முடிவு கட்டிவிட்டது.

முதல் முறை

கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். டிவிடி, சிடிராம் டிரைவ்கள் என்ற பிரிவே பட்டியலில் இல்லை. மறைந்த சாதனங்களையும் காட்டு என்று கட்டளை கொடுத்ததும் அந்தப் பிரிவு மங்கலான சாம்பல் நிறத்தில் வந்தது. உள்ளே டிரைவின் பெயரும் இருந்தது. அதன் பண்புகளைத் திறந்தால் கோடு 45 என்ற பிழை எண். இந்தச் சாதனம் தற்போது கணினியுடன் இணைக்கப்படவில்லை என்று அதற்குப் பொருள்.

இதைவிடத் தெளிவாக ஒரு இயந்திரம் பேச முடியாது. ஆனால் டிவிடி டிரைவ் காணவில்லை என்ற புகாரைப் பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கை மருந்து பழகிப்போயிருந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிடிராம் வகைக்கான கிளைக்குப் போய் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. சாதனத்தை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். சிடி எழுதும் மென்பொருள்கள் தங்கள் டிரைவரை விண்டோஸின் டிரைவருக்கு மேலும் கீழும் சொருகிக்கொள்ளும் இடம் அது. அந்த மென்பொருளை அரைகுறையாக நீக்கினாலோ, விண்டோஸை மேம்படுத்தும்போது அந்த டிரைவர் பொருந்தாமல் போனாலோ, சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து டிரைவே இயங்காமல் போகும். அப்போது டிவைஸ் மேனேஜரில் டிரைவ் மஞ்சள் முக்கோணத்துடன் நிற்கும். கோடு 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்றைச் சொல்லும். இரண்டு பதிவுகளையும் அழித்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். எத்தனையோ இயந்திரங்களுக்கு இப்படிச் செய்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

இங்கே மஞ்சள் முக்கோணம் இல்லை. சாதனமே இல்லை. இல்லாத சாதனத்துக்கு ஃபில்டர் இருந்தால் என்ன, போனால் என்ன? அந்தக் கேள்வி அப்போது எனக்கு எழவில்லை.

4டி36இ965 என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள கிளையைப் பிடித்தேன். இந்த இடத்தில் கவனம் தேவை. பக்கத்திலேயே 967 என்று முடியும் தொடக்கத்துடன் இன்னொரு கிளை இருக்கிறது, அது வன்தட்டுகளுக்கானது. அங்கேயும் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற பதிவு இருக்கும். அதில் இருப்பது விண்டோஸின் சொந்தப் பகுதி மேலாளர். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அதையும் அழித்தால் மறுமுறை விண்டோஸ் எழுந்திருக்காது. அப்படி அழித்துவிட்டுக் கொண்டுவந்த இயந்திரங்கள் என் மேசைக்கு வந்ததுண்டு. எனவே அழிக்கும் முன் அந்தக் கிளையை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அப்பர்ஃபில்டர்ஸில் மருத்துவர் பயன்படுத்தும் சிடி எழுதும் மென்பொருளின் பதிவு ஒன்று இருந்தது. அழித்தேன். ரீஸ்டார்ட். ஒன்றும் இல்லை. அடுத்த மருந்துக்குப் போனேன்: பழைய வகை இணைப்புகளுக்கான அடாப்பி டிரைவரின் கிளையில் கன்ட்ரோலர்0 என்ற உட்கிளையை உருவாக்கி, ஈனம்டிவைஸ்1 என்ற பதிவுக்கு 1 என்று மதிப்புக் கொடுப்பது. இணையம் முழுக்க இந்தத் தீர்வு கிடைக்கும். பழைய முறையில் இயங்கும் கட்டுப்பாட்டகங்களில் பலிக்கவும் செய்யும். ஆனால் இந்த இயந்திரம் ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் ஓடுகிறது, அதற்கு வேறு டிரைவர். அடாப்பி டிரைவருக்கு நான் எழுதி வைத்த கடிதத்தைப் பிரித்துப் படிக்க அங்கே ஆளில்லை. மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி சாம்பல் நிறம்.

ஒரு மணி பத்து நிமிடம் ஆகிவிட்டது. மருத்துவர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எஃப்2-ஐ அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போனேன். சாட்டா (டிரைவ்களை மதர்போர்டுடன் இணைக்கும் முறை) பட்டியலில் வன்தட்டு மட்டும் இருந்தது. சில பயாஸ்களில் முதல் பக்கத்தில் டிவிடி டிரைவைக் காட்டாமல் பூட் பட்டியலில் மட்டும் காட்டுவார்கள் என்பதால் அதையும் பார்த்தேன். அங்கேயும் இல்லை. விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே டிரைவ் காணாமல் போயிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் நான் செய்த அத்தனையும் வீட்டுக்குள் ஆளே இல்லாதபோது கதவுக்கு எண்ணெய் போட்ட வேலை.

இப்படிப்பட்ட புகாரில் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. கேட்டு முடிக்க இரண்டு நிமிடம் போதும். டிரைவின் பொத்தானை அழுத்தினால் ட்ரே திறக்கிறதா? திறந்தால் மின்சாரம் போகிறது. மடிக்கணினி டிரைவில் தாழ்ப்பாளை விடுவிப்பது மின்சாரம்தான். மின்சாரம் இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் ஊசித் துளையில் கம்பியை விட்டால்தான் திறக்கும். பயாஸில் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் தகவல் பாதையும் சரி, இனி விண்டோஸைப் பார்க்கலாம். விண்டோஸில் மஞ்சள் முக்கோணத்துடன் நிற்கிறதா, சாம்பலாக நிற்கிறதா, சரியாக நின்றும் டி, இ போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லையா? மூன்றும் மூன்று நோய். எழுத்து இல்லையென்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒன்றைக் கொடுத்தால் போதும். டிரைவ் தெரிகிறது, ஆனால் சிடி படிக்கிறது, டிவிடி படிக்கவில்லை என்றால் அது லேசர் விவகாரம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, இரண்டும் தனித்தனி ஒளி என்பதால் ஒன்று சோர்ந்து மற்றொன்று நன்றாக இருக்கலாம். டிரைவே தெரியவில்லை என்று வருபவர்களில் பாதிப் பேர் லென்ஸைத் துடைத்துவிட்டு வருகிறார்கள். லென்ஸ் சிடியைப் படிக்கத்தான். கணினிக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள டிரைவுக்கு லென்ஸ் வேண்டாம்.

பொத்தானை அழுத்திப் பார்த்தேன். டக் என்ற சத்தத்துடன் ட்ரே விரல் நுழையும் அளவுக்கு வெளியே வந்தது. ஆக மின்சாரம் இருக்கிறது, தகவல் பாதை இல்லை.

இயந்திரத்தை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றினேன். அடிப்பக்கத்தில் டிரைவைப் பிடிக்கும் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, டிரைவை வெளியே இழுத்தேன். வெண்ணெயாக வந்தது. பின்புறத்து இணைப்பியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஸ்லிம் டிரைவின் சாட்டா இணைப்பியில் தகவலுக்கு 7, மின்சாரத்துக்கு 6, ஆக 13 தொடுமுனைகள். வன்தட்டில் மின்சாரப் பகுதிக்கு மட்டும் 15 இருக்கும். இங்கே 5 வோல்ட் மட்டும் போதும் என்பதால் சுருக்கிவிட்டார்கள். எதுவும் வளையவில்லை, கறுக்கவில்லை.

என் இழுப்பறையில் இதே மாடல் இயந்திரத்திலிருந்து எடுத்து வைத்த உதிரி டிரைவ் ஒன்று இருந்தது. அதைச் சொருகி, ஸ்க்ரூவை முடுக்கி, பயாஸுக்குப் போனேன். பெயர் பளிச்சென்று வந்தது. "டிரைவ் போய்விட்டது டாக்டர், புதிது போட வேண்டும்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். இந்தத் தடிமனில், இந்த முகப்புப் பட்டைக்குப் பொருந்தும்படி வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்து வாங்க வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும் என்றேன். அதற்கும் சரி. இயந்திரத்தை விட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, சும்மா இருக்கட்டுமே என்று, செத்துப்போனதாக நான் அறிவித்த டிரைவை ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டு என் மேசைக் கணினியில் சொருகினேன். டிரைவ் தெரிந்தது. சிடி போட்டதும் சுழல ஆரம்பித்து, டிக் டிக் என்று முனகி, காணாமல் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. 'பார், சொன்னேன் அல்லவா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு டிரைவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்: 5 வோல்ட், 1.5 ஆம்பியர். நான் சொருகியிருந்தது யுஎஸ்பி 2.0 துளை. அது தர ஒப்புக்கொண்டிருப்பது 0.5 ஆம்பியர். 3.0 துளை என்றாலும் 0.9-தான். தட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் டிரைவ் கேட்பதைத் துளை தரவில்லை; டிரைவ் மயங்கி விழுகிறது. இரட்டை முனை உள்ள வயரை எடுத்து இரண்டு துளைகளில் சொருகினேன். சிடி கடகடவென்று சுழன்றது. மருத்துவர் விட்டுச்சென்ற பழைய ஸ்கேன் சிடியை முழுவதும் நகலெடுத்தேன். ஒரு பிழையும் இல்லை.

ஆக, டிரைவ் நன்றாக இருக்கிறது. உதிரி டிரைவ் தெரிந்ததால் மதர்போர்டும் நன்றாக இருக்கிறது. நல்ல மாப்பிள்ளை, நல்ல பெண், கல்யாணம் மட்டும் நிற்கவில்லை. டிரைவைத் திரும்ப மடிக்கணினியில் சொருகி, நன்றாக உள்ளே தள்ளி, ஸ்க்ரூவை முடுக்கினேன். பயாஸில் தெரிந்தது. விண்டோஸிலும் தெரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: கான்டாக்ட் கோளாறு. தூசி, ஈரம், மழைக்காலம். தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, மறுபடி சொருகி, ரசீதில் "கான்டாக்ட் சுத்தம்" என்று எழுதினேன். புதிய டிரைவ் வேண்டாம் என்றதும் மருத்துவருக்கு மகிழ்ச்சி. என்ன கோளாறு என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. கழற்றி மாட்டினால் சரியாகிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். கழற்றி மாட்டியதில் எது சரியானது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இரண்டாம் முறை

ஐந்தாம் நாள் இயந்திரம் திரும்பி வந்தது. இம்முறை கொண்டுவந்தவர் கைராசி இல்லாத அந்தப் பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வந்ததும் இரண்டு புகார். சிடி டிரைவ் பழையபடி வருவதில்லை. டிரைவ் வருகிற நேரத்திலும், சிடி எழுதும் மென்பொருள் 'எழுதும் கருவி எதுவும் இல்லை' என்கிறது.

இரண்டாவது புகாருக்குக் காரணம் நான்தான். அந்த மென்பொருளின் ஃபில்டரை அழித்தவன் நான். நோயாளிகளின் சிடியை நகலெடுத்து வைக்க அவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து, இருந்த உறுப்பைக் கெடுத்திருந்தது. டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த கோப்பை இருமுறை சொடுக்கியதும் பதிவு பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் அந்தப் புகார் தீர்ந்தது. கோப்பை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டியிருந்திருக்கும், அதன் உரிமச் சாவி யாரிடம் இருக்கிறதோ.

முதல் புகாருக்கு வந்தோம். "எப்படிப் போடுவீர்கள் என்று எனக்குக் காட்டுங்கள் அம்மா" என்றேன். இதைத் திங்கட்கிழமை அந்த மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அவர் பொத்தானை அழுத்தினார். வெளியே எட்டிப் பார்த்த ட்ரேயை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். சிடியை நடு அச்சில் வைத்து அழுத்தினார். பிறகு ஆள்காட்டி விரல் நுனியால் ட்ரேயை மெல்ல உள்ளே தள்ளினார், க்ளிக். குழந்தை தூங்கும் அறைக் கதவைச் சாத்துவது போன்ற பதவிசு. ரீஸ்டார்ட் செய்து பயாஸைப் பார்த்தேன். டிரைவ் இல்லை.

"சார் எப்படி மூடுவார்?"

"சார் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளுவார். எனக்குப் பயமாக இருக்கும், உடைந்துவிடுமோ என்று."

நான் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினேன். ரீஸ்டார்ட். டிரைவ் இருக்கிறது.

மறுபடி திறந்து, இழுத்து, விரல் நுனியால் மூடி, ரீஸ்டார்ட். இல்லை. உள்ளங்கை, ரீஸ்டார்ட். இருக்கிறது. நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்தோம், நான்கு முறையும் சொல்லிவைத்த மாதிரி நடந்தது. ஒருமாத காலம் கேலிக்கு ஆளான அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த திருப்தியை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

விரல் நுனியால் மூடிய நிலையில் டிரைவின் முகப்புப் பட்டையும் மடிக்கணினியின் உடலும் சேரும் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன். நகம் ஒரு படியில் தடுக்கியது. கண்ணுக்குத் தெரியாத படி, நகத்துக்குத் தெரிந்தது. உள்ளங்கையால் தள்ளிய பிறகு அதே இடத்தில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. டிரைவ் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்து வந்து போகிறது.

ஆனால் ஸ்க்ரூ இருக்கிறதே? இயந்திரத்தை அணைத்துக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்தில் ஒரு ஸ்க்ரூகூடக் குறையவில்லை. டிரைவுக்கான ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது, நானே முடுக்கியது. அதைத் தொடாமல், முகப்பைப் பிடித்து டிரைவை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூ தன் துளையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது, எதையும் பிடிக்காமல்.

ஸ்லிம் டிரைவ் ஒன்றைப் புதிதாக வாங்கினால் அது மொட்டையாகத்தான் வரும். முன்னால் அந்த மாடலுக்கான முகப்புப் பட்டையும், பின்னால் ஒரு சிறு தகரப் பிராக்கெட்டும் பழைய டிரைவிலிருந்து கழற்றி இதில் மாட்ட வேண்டும். அந்தப் பிராக்கெட்டை டிரைவின் முதுகில் இரண்டு பொடி ஸ்க்ரூக்கள் பிடிக்கும். மடிக்கணினியின் அடியிலிருந்து வரும் ஒற்றை ஸ்க்ரூ இந்தப் பிராக்கெட்டின் காதைப் பிடிக்கும். அதுதான் டிரைவுக்கு இருக்கும் ஒரே பிடிமானம். இந்த டிரைவின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பொடித் துளைகள், உள்ளே பளபளக்கும் மரை, மேலே ஒன்றுமில்லை.

மருத்துவருக்குத் தொலைபேசியில் கேட்டேன். ஆமாம், இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொரு இடத்தில் டிரைவ் மாற்றினேன், சொல்ல மறந்துவிட்டேன் என்றார். அவர் மறக்கவில்லை, நான் கேட்கவில்லை. அங்கே மாற்றியவர் முகப்புப் பட்டையைப் பொறுப்பாக மாற்றியிருக்கிறார், ஏனென்றால் அது வெளியே தெரியும். பிராக்கெட் உள்ளே போய்விடும். பழைய டிரைவோடு அது குப்பைக்குப் போயிருக்க வேண்டும். அடி ஸ்க்ரூவை மட்டும் மறக்காமல் மாட்டிவிட்டார். அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். முதல் நாள் அதைக் கழற்றிவிட்டு இழுத்ததால் டிரைவ் வெண்ணெயாக வந்ததில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பே ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் அன்றே வழக்கு முடிந்திருக்கும். என் உதிரி டிரைவில் பிராக்கெட் இருந்தது. அதனால் அது சரியாக உட்கார்ந்து, பயாஸில் தெரிந்து, என்னைத் தப்பான தீர்ப்புக்குக் கொண்டுபோனது.

ஏன் ட்ரே திறந்தது, ஏன் தெரியவில்லை

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டிரைவ் வெளியே நகர்ந்துவிட்டால் மொத்தமாகச் செத்திருக்க வேண்டாமா? பொத்தானை அழுத்தினால் ட்ரே திறக்கிறதே?

சாட்டா இணைப்பியின் தொடுமுனைகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. தரை (கிரவுண்ட்) முனைகள் சற்று நீளம். சொருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியாக விடுவதும் அவைதான். தகவல் முனைகள் குட்டை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மின்சாரப் பகுதியில் 5 வோல்ட்டுக்கு இரண்டு முனைகள், தரைக்கு இரண்டு. ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் மற்றொன்று சுமக்கும். ஓரமாக உரசிக்கொண்டிருந்தாலே தாழ்ப்பாளை விடுவிக்கும் அளவுக்கு மின்சாரம் போய்விடும். தகவல் பாதைக்கு அந்தத் தயவு கிடையாது. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி, ஆக நான்கு முனைகள். நான்கும் ஒரே நேரத்தில் நன்றாகத் தொட வேண்டும். அவற்றின் வழியே நொடிக்கு 1.5 கிகாபிட் வேகத்தில் சைகை போகிறது; ஒரு முனை அரைகுறையாக உரசினால்கூட இரு பக்கமும் முதல் கைகுலுக்கலிலேயே தோற்றுவிடும். பயாஸைப் பொறுத்தவரை அந்தத் துளை காலி.

மேசைக் கணினியின் டிரைவாக இருந்தால் இந்தக் கோளாறு வந்தே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் ட்ரேயை மோட்டார் வெளியே தள்ளி மோட்டாரே உள்ளே இழுக்கும். மடிக்கணினி டிரைவில் மோட்டாருக்கு இடமில்லை; டிரைவின் தடிமனே 12.7 மில்லிமீட்டர், சிலவற்றில் 9.5. தாழ்ப்பாள் விடுபட்டதும் வில் ட்ரேயைக் கொஞ்சம் தள்ளும்; மீதியை இழுப்பதும் மூடுவதும் நம் கை. ட்ரே கடைசி வரை வந்து நிற்கும்போது அந்த இழுப்பின் சுண்டு முழுவதும் டிரைவின் உடலுக்கு வரும். பிராக்கெட் இருந்தால் ஸ்க்ரூ அதைத் தாங்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டிரைவ் ஒரு முடி அளவு வெளியே நகரும். மூடும்போது உள்ளங்கையால் தள்ளினால் அந்த வேகத்தில் டிரைவும் சேர்ந்து உள்ளே போய் இணைப்பியில் உட்காரும். விரல் நுனியால் தள்ளினால் தாழ்ப்பாள் விழுந்துவிடும், டிரைவ் இருந்த இடத்திலேயே இருக்கும். பொருளைப் பதமாகக் கையாள்கிற கைக்கு இங்கே தண்டனை.

ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது என்று மருத்துவர் சொன்னதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவ் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாலும், அந்தத் துளையில் புதிதாக ஒன்று வந்திருக்கிறதா என்று இந்த இயந்திரம் கவனிப்பதில்லை. மறுமுறை எழும்போதுதான் பார்க்கும். அவர் உள்ளங்கையால் தள்ளியதை மறந்து ரீஸ்டார்ட்டை நினைவில் வைத்துக்கொண்டார். கடைசி மூன்று நாள் அவருக்கும் வராமல் போனதற்குக் காரணம், உள்ளே துளையின் தொண்டைப் பகுதியில் பிளாஸ்டிக் தேய்ந்து டிரைவ் சற்றே சாய்ந்து நின்றிருக்கலாம். அதை நான் அளந்து பார்க்கவில்லை. பிராக்கெட் மாட்டிய பிறகு அது ஒரு பொருட்டாகவும் இல்லை.

சரிசெய்தது

பிராக்கெட் வெவ்வேறு மாடலுக்கு வெவ்வேறு வடிவம். இழுப்பறையில் கிடந்த மூன்றைப் பொருத்திப் பார்த்தேன்; ஒன்றில் காது இடப்பக்கம், ஒன்றில் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தியது. கிட்டத்தட்டப் பொருந்துவதை வளைத்து மாட்டலாம். அப்புறம் அடி ஸ்க்ரூ இழுக்கிற இழுப்பில் டிரைவ் கோணலாக நிற்கும். கடைசியில் என் உதிரி டிரைவின் முதுகிலிருந்தே கழற்றினேன். பொடி ஸ்க்ரூக்கள் எம்2 அளவு, நீளம் மிகக் குறைவு. கையில் கிடைத்த நீளமான ஒன்றை முடுக்கினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைக் குத்தும். அதனால் உதிரியிலிருந்தே அவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

மாட்டியதும் டிரைவை உள்ளே தள்ளினேன். இம்முறை கடைசியில் ஒரு மெல்லிய எதிர்ப்பு, பிறகு டப்பென்று உட்கார்ந்தது. அடி ஸ்க்ரூவை முடுக்கினேன். கடைசி அரைச் சுற்றில் அது எதையோ கவ்வுவது ஸ்க்ரூடிரைவரின் பிடியில் தெரிந்தது. முதல் நாள் இந்தக் கவ்வல் இல்லை. அதை என் கை கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பிறகு அந்தப் பெண்ணையே உட்காரவைத்து முப்பது முறை திறந்து மூடச் சொன்னேன், அவர் வழக்கப்படி விரல் நுனியால். பத்து முறைக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பயாஸைப் பார்த்தோம். மூன்று முறையும் டிரைவ் இருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் எந்தப் படியும் இல்லை. ஸ்கேன் சிடி ஒன்றைப் போட்டு முழுதும் திறந்து பார்த்தோம். இடுப்பெலும்பின் வெட்டுப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சிடி எழுதும் மென்பொருளும் டிரைவைக் கண்டுகொண்டது. அடாப்பி கிளையில் நான் சேர்த்திருந்த கன்ட்ரோலர்0-ஐயும் நீக்கிவிட்டேன்.

பணம் எவ்வளவு என்று கேட்டார். முதல் முறை வாங்கியதே போதும் என்றேன். "சாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் சார்," என்றார். "என்னுடைய கைராசிக்கு ஒன்றும் இல்லை என்று."

தொலைபேசியை எடுத்து மருத்துவரிடம் சொன்னேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உதிரி டிரைவின் மேல் காகித டேப்பை ஒட்டி, "நல்ல டிரைவ், பிராக்கெட் இல்லை" என்று பேனாவால் எழுதி இழுப்பறையில் போட்டேன்.